எல்லாரும் கைவிட்ட குடிநோயாளியைப் பார்க்கப் போகிறீர்களா? முதல்முறை போகிறவர்களுக்கு

ஒவ்வொரு சபையிலும் அப்படி ஒரு வீடு இருக்கும். கிறிஸ்துமஸ் சமயத்தில் கேரல் குழு எல்லா வீட்டு வாசலிலும் நின்று முழுப் பாட்டும் பாடும். அந்த வீட்டு வாசலில் மட்டும் ஒரு சரணத்தோடு நகர்ந்துவிடும். ஜெபக்குழு அந்தத் தெருவுக்குள் நுழையும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்ளும். கேட்டால், "அவரா? அவர் தேறமாட்டார். எத்தனை தடவை ஜெபிச்சாச்சு, எத்தனை தடவை பைபிள் மேல கை வச்சு சத்தியம் பண்ணியாச்சு" என்பார்கள்.

அந்த வீட்டுக்குள் போகலாம் என்று நீங்கள் முடிவெடுத்திருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் போதகர் இல்லை, மருத்துவரும் இல்லை. சபையில் சாதாரண அங்கத்தினன். 14 வருடங்களாகக் குடிநோயாளிகளின் வீடுகளுக்குப் போய்வருகிறேன். நல்ல மனதோடு போய் நான் செய்த தவறுகளும் இதில் இருக்கின்றன. அவை உங்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

போவதற்கு முன்

முதலில் உங்கள் மனதில் இருக்கும் சொல்லை மாற்றுங்கள். 'குடிகாரன்' என்று நினைத்துக்கொண்டு போனால் முகத்தில் தெரிந்துவிடும். குடிப்பழக்கம் ஒரு கட்டத்தைத் தாண்டினால் நோயாகிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அது இருக்கிறது. 'குடிநோயாளி' என்ற சொல் தமிழில் வந்ததும் அதனால்தான். நோய் என்று சொன்னால் அவர் செய்ததற்கெல்லாம் மன்னிப்பு கொடுத்ததாக ஆகிவிடாதா என்று சிலர் கேட்பார்கள். ஆகாது. அடகு வைத்த நகைக்கும் அடித்த அடிக்கும் அவர்தான் பொறுப்பு. ஆனால் 'மனசு வச்சா நாளைக்கே நிறுத்திடலாம்' என்பது உண்மையில்லை. ரோமர் 7-ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்கிறார்: "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்." ஒரு குடிநோயாளிக்கு இந்த வசனத்தை வாசித்துக் காட்டினால், அவர் தலையை நிமிர்த்திப் பார்ப்பார். தன்னைப் பற்றி யாரோ சரியாகச் சொல்லிவிட்டதுபோல.

தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள். அவரும் மனைவியும் மட்டும் இருக்கும் வீடு என்றால் ஒரு அக்காவையும் கூட்டிக்கொள்ளுங்கள். நேரம் முக்கியம். டாஸ்மாக் கடை மதியம் 12 மணிக்குத் திறக்கிறது, இரவு 10 மணிக்கு மூடுகிறது. மாலைக் கூட்டம் முடிந்து எட்டு மணிக்கு நாம் போய் உட்கார்ந்து பேசுவதெல்லாம் வீண். காலையில் ஒன்பது, பத்து மணிக்குப் போனால் பெரும்பாலும் தெளிவாக இருப்பார். கடை திறக்கும் முன்பே கள்ளத்தனமாக வாங்கிக் குடித்திருந்தால் அன்றைக்கு எதுவும் பேச வேண்டாம். நலம் விசாரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

முதல் சந்திப்பு

கறுப்புப் பை, பெரிய பைபிள், நான்கு பேர் கூட்டம் இதெல்லாம் வேண்டாம். போய் உட்காருங்கள். டீ போட்டால், அவருக்கு அரை கிளாஸ் மட்டும் ஊற்றச் சொல்லுங்கள். நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு அம்மாவிடம். மகனுக்குக் காலையில் கை நடுங்கும். முழு கிளாஸ் கொடுத்தால் சட்டையிலும் பாயிலும் சிந்தும். நம் எதிரில் சிந்தினால் எழுந்து உள்ளே போய்விடுவார், அப்புறம் வரவே மாட்டார். அந்த அம்மா அரை கிளாஸ் ஊற்றி, அதைக் கையில் கொடுக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டு, எங்களிடம் வேறு ஏதோ பேச ஆரம்பித்தார். அவர் இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துக் குடிப்பதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அந்த வீட்டில் அன்று நடந்த ஊழியம் அதுதான். நாங்கள் பண்ணிய ஜெபம் அதற்கு அப்புறம்தான்.

பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். வயதுக்கேற்றபடி அண்ணன், தம்பி, மாமா என்று முறை வைத்துப் பேசுங்கள். ஊரில் அவரை அப்படிக் கூப்பிட்டுப் பல வருடம் ஆகியிருக்கும். குடியைப் பற்றி நீங்களாகத் தொடங்க வேண்டாம். அவர் செய்த வேலை, சின்ன வயதில் பாடிய பாட்டு, விளையாடிய கபடி என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதைப் பேசுங்கள். இரண்டாவது, மூன்றாவது தடவை போகும்போது அவரே குடியைப் பற்றிய பேச்சை எடுப்பார்.

எடுத்தால், பெதஸ்தா குளத்துக் கேள்வியைக் கேளுங்கள். 38 வருடம் வியாதியாய்க் கிடந்தவனைப் பார்த்து ஆண்டவர் கேட்டது: "சொஸ்தமாகவேண்டுமென்று விரும்புகிறாயா?" இத்தனை வருடம் கிடக்கிறவனிடம் இதைக் கேட்க வேண்டுமா என்று எனக்கு முன்பு தோன்றியிருக்கிறது. இப்போது புரிகிறது. அவனுக்கும் ஒரு விருப்பம் இருக்கிறது என்று மதித்துக் கேட்ட கேள்வி அது. அந்த மனிதன் நேராக 'ஆமாம்' என்று சொல்லவில்லை, குளத்தில் இறக்கிவிட ஆள் இல்லை என்று புலம்பினான். நீங்கள் பார்க்கப் போகிறவரும் அப்படித்தான் பேசுவார். மனைவி சரியில்லை, வேலை சரியில்லை, தூக்கம் வரவில்லை என்பார். குறுக்கே பேசி மடக்காதீர்கள். புலம்பல் முடிந்ததும் அதே கேள்வியை மறுபடியும் மெதுவாகக் கேளுங்கள்.

"இன்றையோடு விட்டுவிடு" என்று சொல்லாதீர்கள்

இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு தடவை படியுங்கள்.

வருடக்கணக்காகத் தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம், மூன்றாம், நான்காம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும். ஆளைத் தெரியாது. சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், யாரோ கூப்பிடுகிறார்கள் என்பார்கள், காய்ச்சல் அடிக்கும், எழுந்து ஓடுவார்கள். இது மூளை மதுவுக்குப் பழகிப்போனதால் வரும் உடல் நெருக்கடி. ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து கொடுத்தால் அடங்கும். கவனிக்காமல் விட்டால் சாவு வரைக்கும் போகும்.

நம் சபைகளில் இதை என்னவாகப் பார்க்கிறோம் என்று உங்களுக்கே தெரியும். உபவாச ஜெபத்துக்குக் கூட்டி வருகிறோம். மூன்று நாள் சொட்டுத் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காமல் இருக்கிறார். மூன்றாம் நாள் ராத்திரி கண் ஒரு மாதிரி போகிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறார், கத்துகிறார். உடனே பிசாசு வெளிப்பட்டுவிட்டது என்று நான்கு பேர் பிடித்துக்கொண்டு அதட்டத் தொடங்குகிறோம். நானும் அப்படிப் பிடித்துக்கொண்டவர்களில் ஒருவன். என்னுடைய இரண்டாம் வருடம் அது. அவர் சுவரைக் காட்டி "எறும்பு, எறும்பு" என்றார். நாங்கள் சத்தத்தைக் கூட்டினோம். கொஞ்ச நேரத்தில் வலிப்பு வந்து விழுந்தார். கூட்டத்தில் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு நர்ஸ் அக்கா எழுந்து வந்து, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, "எல்லாரும் தள்ளுங்க, 108-க்குப் போன் போடுங்க" என்று சத்தம் போட்டார். அந்த அக்கா இல்லையென்றால் அவர் அன்றைக்கே போயிருப்பார். நாங்கள் எல்லாரும் அவரை நேசித்தோம். அவரைக் கொல்லப் பார்த்ததும் நாங்கள்தான்.

ஆகவே, "விடணும்" என்று அவர் சொன்ன உடனே அடுத்த படி ஆஸ்பத்திரி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே செலவில்லாமல் பார்க்கலாம். தினமும் எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், இதற்கு முன் நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வெறும் சோர்வு என்று நினைத்துத் தெருமுனைக் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லாதீர்கள். குடிநோயாளிகளின் உடம்பில் தயமின் என்கிற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். குடிப்பவர் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்வதுதான் இதற்கு வழி. மானம் போகும் என்று வீட்டார் மறைப்பார்கள், நீங்கள் சொல்லுங்கள்.

ஜெபிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஜெபியுங்கள். நான் அதிகமாக ஜெபித்த இடம் அதுதான்.

சாப்பாட்டில் கலக்கும் மருந்து

'நோயாளிக்குத் தெரியாமல் குடியை நிறுத்தலாம்' என்று சுவரொட்டி பார்த்திருப்பீர்கள். வீட்டுப் பெண்கள் கடன் வாங்கி அதை வாங்கிவந்து குழம்பில் கலப்பதுண்டு. அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்பிரம் என்ற மாத்திரை இருக்கிறது. அதைச் சாப்பிட்டவர் மது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கும். உயிரும் போகலாம். நல்ல மருந்துதான், ஆனால் அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் பார்வையில் சாப்பிட வேண்டியது. தெரியாமல் கொடுப்பது மருத்துவம் இல்லை. கலந்து கொடுக்கிற வீட்டுப் பெண்ணிடம் கோபப்படாமல் எடுத்துச் சொல்லி நிறுத்த வையுங்கள்.

மறுவாழ்வு மையம்

குடியால் தன் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். குடும்பத்தையும் சேர்த்து உட்காரவைத்து ஆலோசனை கொடுக்கும் முறைக்குத் தமிழ்நாட்டில் அது முன்னோடி. எல்லா மையமும் அப்படி இல்லை. வேனில் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று சொல்கிற இடத்துக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் குடி, போதை சார்ந்த பாதிப்புகளையும் உள்ளடக்கியது. சங்கிலியில் கட்டுவதை அது தடைசெய்கிறது, பதிவு இல்லாமல் இப்படிப்பட்ட இடங்களை நடத்தவும் கூடாது. ஜெபவீடு என்று பெயர் வைத்திருந்தாலும் இதே சட்டம்தான்.

போய்ப் பாருங்கள். பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். டாக்டர் எந்த நாளில் வருகிறார், நோயாளியை வாரத்தில் எப்போது பார்க்கலாம், போனில் பேசவிடுவார்களா என்று கேளுங்கள். பார்க்கவே விடமாட்டோம் என்றால் திரும்பிவிடுங்கள். எந்த இடம் என்று தெரியவில்லையென்றால் 14446 என்ற போதை மறுவாழ்வு உதவி எண்ணில் விசாரிக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்வதாகப் பேசினால் அதை மிரட்டல் என்று தள்ளாமல் உடனே 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள்.

காசு

கையில் கொடுக்காதீர்கள். நூறு ரூபாய் பஸ் செலவுக்கு என்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்பார். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். நல்ல சமாரியனைப் பாருங்கள். காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தார், கட்டினார், தன் வாகனத்தில் ஏற்றினார், சத்திரத்துக்குக் கொண்டுபோனார். காசை யாரிடம் கொடுத்தார்? சத்திரக்காரனிடம். அடிபட்டுக் கிடந்தவன் கையில் இல்லை. பள்ளிக்கூடக் கட்டணத்தைப் பள்ளியில் கட்டுங்கள், அரிசியை வீட்டில் இறக்குங்கள், மாத்திரையை மருந்துக் கடையில் வாங்கிக் கொடுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள்

நாம் அவரைப் பார்க்கப் போகிறோம். அந்த வீட்டில் அவரைவிட நொந்துபோன ஒருவர் அடுப்படியில் நின்றுகொண்டிருப்பார். "நீ அன்பா நடந்துக்கிட்டா அவன் ஏன் குடிக்கப் போறான்?" என்று சபைப் பெரியவர்களே அவரிடம் சொல்லியிருப்பார்கள். போய் முதலில் சொல்ல வேண்டியது: "அக்கா, இது உங்களால வந்தது இல்லை." இதைக் கேட்டு அழாத பெண்ணை நான் பார்த்ததில்லை.

அடி, உதை இருந்தால், 'பொறுத்துக்கொள், ஜெபி' என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. மன்னிப்பது வேறு, அடிவாங்கிக்கொண்டு அதே அறையில் படுப்பது வேறு. தாய்வீடோ, சபையில் ஒரு குடும்பமோ, பாதுகாப்பான இடம் ஒன்றை முதலிலேயே பேசி வையுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. மனைவி விலகி இருப்பது கணவன் மேல் உள்ள இரக்கத்துக்கு எதிரானது இல்லை. சிலர் சிகிச்சைக்குச் சம்மதித்ததே அதற்கு அப்புறம்தான். சில வீடுகளில் அப்படியும் நடக்கவில்லை, அது வேறு விஷயம்.

குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன. நம் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சொல்ல முடியாததை அங்கே சொல்லலாம்.

சபைக்குத் திரும்பி வரும்போது

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாவது ஞாயிறு. முகம் தெளிந்திருக்கிறது, சட்டை தேய்த்துப் போட்டிருக்கிறார். யாராவது ஒருவர் வந்து, "தம்பி இன்னைக்கு ஒரு சாட்சி சொல்லட்டும்" என்பார். தயவுசெய்து தடுத்துவிடுங்கள். மேடையில் ஏற்றிக் கைதட்டியதற்கு அப்புறம் அவர் ஒரு தடவை விழுந்துவிட்டால், திரும்பி வர முடியாத ஒரே இடமாகச் சபை ஆகிவிடும். மாற்கு 5-ஆம் அதிகாரத்தில், கல்லறைகளில் குடியிருந்தவன் வஸ்திரந்தரித்து, புத்தி தெளிந்தவனாய் உட்கார்ந்திருக்கிறான். இயேசுவோடு வருகிறேன் என்று கேட்கிறான். ஆண்டவர் அவனை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகவில்லை. உன் வீட்டுக்குப் போ, உன் இனத்தாரிடத்தில் சொல் என்று அனுப்புகிறார். வீட்டில் ஒரு வருடம் போகட்டும்.

திருவிருந்தில் புளித்த திராட்சரசம் பயன்படுத்துகிற சபை என்றால் போதகரிடம் முன்கூட்டியே பேசுங்கள். குடியை விட்டவருக்கு ஒரு சொட்டும் சோதனைதான். டைசல்பிரம் சாப்பிடுகிறவருக்கு அது உடம்புக்கே ஆபத்து. புளிக்காத திராட்சைச் சாறு ஒரு கிண்ணத்தில் தனியே வைக்கலாம், அப்பத்தை மட்டும் வாங்கலாம். இருமல் மருந்திலும் ஆல்கஹால் இருக்கலாம், பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

அப்புறம், ஏ.ஏ. கூட்டம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது. கட்டணம் கிடையாது, குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும். நம் ஊர்களிலும் தமிழில் நடக்கிறது. கிறிஸ்தவக் கூட்டம் இல்லையே, அங்கே ஏன் அனுப்ப வேண்டும் என்று சபையில் கேட்பார்கள். ஆரம்ப நாட்களில் அவர்கள் கூடியதே ஒரு கிறிஸ்தவக் குழுவோடுதான். அதைவிட முக்கியம், விடியற்காலையில் கை நடுங்குவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, அங்கே இருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். யாரும் வரலாம் என்கிற திறந்த கூட்டமாகப் பார்த்து முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள். அங்கே கேட்டதை வெளியில் பேசாதீர்கள்.

மறுபடி விழும்போது

விழுவார். எல்லாரும் இல்லை, ஆனால் பலர் விழுவார்கள். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் 'துரோகி' என்று சொல்லமாட்டோம், மருந்தைச் சரிபார்ப்போம். இங்கேயும் அதையே செய்யுங்கள். மறுநாள் காலை போங்கள், அரை கிளாஸ் டீ, ஆஸ்பத்திரி. பிரசங்கம் வேண்டாம், அவரே தனக்குத்தானே ராத்திரி முழுக்கப் பண்ணியிருப்பார்.

'இனிக் குடிக்கமாட்டேன்' என்று அவரிடம் சத்தியமும் வாங்காதீர்கள். உடைந்த சத்தியம் அவரை நம்மிடமிருந்து ஒளிய வைக்கும். அதே ஆக்ரன் நகரத்துச் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சிஸ்டர் இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரி நோயாளிகளைச் சேர்க்கும் பொறுப்பில் இருந்தார். குடிநோயாளிக்குப் படுக்கை கொடுக்காத காலம். 1939-இல், ஏ.ஏ.-வைத் தொடங்கிய அந்த இருவரில் ஒருவரான டாக்டர் பாப் ஸ்மித் கொண்டுவந்த ஒருவரை வயிற்றுக் கோளாறு என்று எழுதிச் சேர்த்துக்கொண்டு, பூக்களை அடுக்கும் சின்ன அறையில் கட்டிலைப் போட்டார். பின்னால் அந்த மருத்துவமனையில் ஆயிரக்கணக்கானோர் தெளிந்து போனார்கள். வெளியே போகிறவர்களுக்கு அவர் இயேசுவின் திருஇருதயச் சின்னம் ஒன்றைக் கொடுப்பார். மறுபடி குடிக்கத் தோன்றினால், குடிக்கும் முன் வந்து இதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. குடிக்கவே மாட்டேன் என்று எழுதி வாங்கவில்லை. முதலில் என்னிடம் வா என்றார்.

அதைப் படித்ததிலிருந்து நானும் ஒன்றைத்தான் கேட்கிறேன். கடைக்குப் போகும் முன் எனக்கு ஒரு போன். எந்த நேரமானாலும் பரவாயில்லை. என்னைத் திட்டுவதற்காக இருந்தாலும் சரி.

ஒருவர் இருக்கிறார், நான்கு தடவை சிகிச்சைக்குப் போய் நான்கு தடவையும் விழுந்தவர். கல்லீரலும் கெட்டுப்போயிருக்கிறது. அவர் அண்ணன்கூட, "விட்டுருங்க, உங்க நேரத்தை ஏன் வீணாக்குறீங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டார். அவர் போன் பண்ணுவதில்லை. அதனால் நான் பண்ணுகிறேன், தினமும் பதினொன்றே முக்காலுக்கு, கடை திறப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால். எடுக்காத நாட்களில் பைக்கை எடுத்துக்கொண்டு போவேன். சில நாள் வீட்டில் இருப்பார், சில நாள் இருக்கமாட்டார். இன்றைக்கு இரண்டாவது மணியிலேயே எடுத்தார். "சாப்பிட்டாச்சாண்ணே?" என்று கேட்டார். மணி பன்னிரண்டே காலாகும் வரைக்கும் மழை வருமா வராதா என்று பேசிக்கொண்டிருந்தோம்.